கழற்றிய சட்டையும் மூடிய திரையும்: சைவக் கோயில்களில் உடை, மறைவு பற்றிய வாதங்கள்

கோயிலுக்குள் போகும் ஆண் சட்டையைக் கழற்ற வேண்டுமா? நல்லூர் கந்தசுவாமி கோயிலில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கொழும்பில் அப்படி ஒரே பதில் கிடையாது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பொன்னம்பலவாணேசுவரம், வெள்ளவத்தை மயூரபதி அம்மன் கோயில், தெஹிவளை நெடுமால் விஷ்ணு கோயில் என்று நகரத்தில் கோயில்கள் பல, நடைமுறையும் பலவாறு. கந்தோர் முடிந்து காற்சட்டையோடு நேரே வருகிறவர்கள் நிறைந்த வெள்ளிக்கிழமை மாலையில், ஓரிடத்தில் கட்டாயமாக இருப்பது இன்னோரிடத்தில் விருப்பமாகவும் மற்றோரிடத்தில் வெறும் வேண்டுகோளாகவும் தளர்ந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியோடு சேர்ந்தே இன்னொன்றும் வருகிறது. பக்தரின் உடலைத் திறக்கச் சொல்லும் அதே கோயில், மூலவரைத் திரையால் மூடுகிறது. படம் எடுக்காதே என்கிறது. எதைத் திறப்பது, எதை மறைப்பது, யாருடைய கண்ணிலிருந்து மறைப்பது என்பவை ஒரே விவாதத்தின் பகுதிகள். ஆனாலும் எழுத்தில் அவை பெரும்பாலும் தனித்தனியாகவே பேசப்பட்டு வந்திருக்கின்றன. இரண்டைப் பற்றியும் இதுவரை வந்த முக்கிய விளக்கங்களைச் சேர்த்து வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

நாவலர் வகுத்த ஒழுக்கம்

யாழ்ப்பாண வழக்குக்கு எழுத்து வடிவில் கிடைக்கும் தெளிவான சான்று ஆறுமுக நாவலருடையது (1822–1879). சைவ வினாவிடையில் ஆலயத்தில் செய்யத்தகாத குற்றங்களை அவர் நீளமாக அடுக்குகிறார். தலையில் துணி கட்டுவது, தோளில் உத்தரீயம் போடுவது, சட்டை இடுவது ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. அவற்றோடு நிற்பவை எவை என்று பார்த்தால் விதியின் நோக்கம் ஓரளவு புலப்படும்: எச்சில் உமிழ்தல், வெற்றிலை போடுதல், காலை நீட்டி இருத்தல். உடல் தூய்மையைவிட, தன்னிலும் மேலான ஒருவர் முன் எப்படி நிற்பது என்ற மரியாதையே அங்கு முன்னிற்பதாகத் தோன்றுகிறது.

ஆகமம் சொல்கிறது என்பதுதான் குருக்கள்மாரும் தர்மகர்த்தாக்களும் இன்று வழக்கமாகத் தரும் விடை. இதில் உண்மை உண்டு, ஆனால் அரைகுறையாக. காமிகம், காரணம் போன்ற ஆகமங்கள் பெரிதும் பேசுவது கோயில் அமைப்பு, பிரதிட்டை, பூசை, அதைச் செய்பவரின் தகுதி ஆகியவற்றை. கும்பிட வருகிறவரின் அன்றாட ஒழுக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய வினாவிடைகள் வழியாகவும் பள்ளிக்கூடச் சமய பாடம் வழியாகவுமே பரவலாக நிலைபெற்றது என்று கருத இடமிருக்கிறது. நாவலர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்த வழக்கை ஒரே பட்டியலாக்கி, எல்லாச் சைவருக்கும் பொதுவென வைத்தார். இன்று ஆகம விதி என்று சொல்லப்படுவதில் எவ்வளவு ஆகமம், எவ்வளவு நாவலர் என்பதை வாசலில் நின்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

தூய்மை வாதம் இதற்கு அடுத்தது. தைத்த ஆடையைவிடத் தோய்த்து உலர்த்திய தைக்காத வேட்டியே பூசைக்கு உகந்தது என்பது அதன் அடிப்படை. குருக்களுக்கு இது பொருந்துகிறது; பஞ்சகச்சமும் உத்தரீயமும் அந்த மரபுதான். பக்தருக்கு நீட்டும்போதுதான் இடறுகிறது. சட்டையைக் கழற்றச் சொல்லும் பல கோயில்கள் தைத்த காற்சட்டையையும் தோல் இடுப்புப்பட்டியையும் பேசாமல் விட்டுவிடுகின்றன. பெண்ணின் ரவிக்கையும் தைத்த ஆடைதான்.

மூலவரின் சக்தி வெற்றுடம்பில் படிகிறது என்ற விளக்கமும் இப்போது அதிகம் கேட்கிறது. இதற்கு ஆதாரம் காட்டப்பட்டதில்லை. காட்டினாலும், அந்தச் சக்தி ஆண்களுக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு விடை வராது.

சாதி என்ற விளக்கம்

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம் கேரளத்திலிருந்து வந்தது. 2024 டிசம்பர் இறுதியில் சிவகிரி யாத்திரைக் கூட்டத்தில், சிறீ நாராயண தர்ம சங்கத்தின் தலைவர் சுவாமி சச்சிதானந்தா, ஆண்கள் சட்டையைக் கழற்றும் வழக்கம் நிற்கவேண்டும் என்றார். பூணூல் இருக்கிறதா என்று பார்க்கவே அந்த வழக்கம் வந்தது என்பது அவர் தரப்பு. அதே மேடையில் முதலமைச்சர் பினராயி விஜயன் அதை ஆதரித்தார். சில நாட்களில் நாயர் சேவைச் சங்கத்தின் பொதுச்செயலாளர் சுகுமாரன் நாயர் கடுமையாக எதிர்த்தார். ஒவ்வொரு கோயிலுக்கும் தன் ஆசாரம் உண்டு, அதில் அரசுக்கு என்ன வேலை என்பது அவரது வாதத்தின் சாரம்.

சச்சிதானந்தாவின் கூற்றுக்குப் பின்னே நீண்ட வரலாறு இருக்கிறது. திருவிதாங்கூரில் மேலாடை என்பதே சாதியின் அடையாளமாக இருந்தது. நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் இழுத்து, 1859 அரச அறிவிப்பில் வந்து நின்றது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுக்க அனுமதி கிடைக்கவில்லை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1968இல் எழுதிய ஆய்வு இதைச் சாதி அரசியலின் மையத்தில் வைத்தது. மேலானவரைக் கண்டதும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஊரறிந்த பணிவுச் சைகை. கோயிலில் ஆண்கள் சால்வையை இடுப்பில் கட்டுவதும் அதே சைகைதான். கோயில் ஊரிடமிருந்து அதை எடுத்ததா, ஊர் கோயிலிடமிருந்து எடுத்ததா என்பதை இப்போதுள்ள சான்றுகளை வைத்துத் தீர்மானிப்பது கடினம்.

இதற்குப் பதிலாக வழக்கத்தைக் காப்போர் தரப்பு சொல்வது சுவையானது. நிலவுடைமையாளனும் கூலியாளும் கடவுள் முன் ஒரே கோலத்தில் நிற்கிறார்களே, இது சமத்துவம் அல்லவா என்கிறார்கள். சட்டை விலையைக் காட்டும், வெற்றுடம்பு காட்டாது என்பது உண்மைதான். ஆனால் வெற்றுடம்பு பூணூலைக் காட்டும். கழுத்துச் சங்கிலியையும் காட்டும்.

என் கணிப்பில் பூணூல் விளக்கம் கேரளத்துக்குப் பொருந்தும் அளவு யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தவில்லை. இங்கே ஆதிக்கத்தில் இருந்த வேளாளர் பொதுவாகப் பூணூல் அணிபவர்கள் அல்லர். ஒதுக்கப்பட்டவர்கள் சட்டையோடு வந்தாலும் சட்டையின்றி வந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் அடையாளம் காண உடம்பைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. உள்ளே விடக்கூடாது என்று முன்னின்றவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். அந்த நெருக்கடியை விரிவாக ஆராய்ந்த பிரையன் பஃபன்பேர்கர், தமிழ்த் தேசிய அரசியலின் உள்முரண்பாடாகவே அதைப் படித்தார். அங்கே சண்டை உடையைப் பற்றியதல்ல, எந்த மண்டபம் வரை யார் போகலாம் என்பதைப் பற்றியது. மறைவு முதலில் மனிதர்களைத் தடுக்கவே பயன்பட்டது என்பதற்கு ஈழத்தில் இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

மூடச் சொன்ன நீதிமன்றம்

தமிழ்நாட்டில் விவாதம் எதிர்த்திசையில் போனது. 2015 நவம்பரில், திருச்சி மாவட்டக் கிராமத் திருவிழா ஒன்றில் கலை நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி எஸ். வைத்தியநாதன் கோயில்களுக்கு உடை ஒழுங்கே விதித்துவிட்டார். 2016 ஜனவரி 1 முதல் ஆண்கள் வேட்டியும் மேல் துண்டும், அல்லது பைஜாமா, அல்லது முறையான காற்சட்டையும் சட்டையும். பெண்கள் புடவை, தாவணி, அல்லது மேல் துண்டுடன் சுடிதார். அந்த ஜனவரியிலேயே மேல் அமர்வு உத்தரவை நிறுத்தி வைத்தது.

நல்லூரில் குற்றமாகிற சட்டை அங்கே ஒழுக்கத்தின் அடையாளம். ஒரே சமயம், ஒரே மொழி, பாக்கு நீரிணை மட்டுமே இடையில். இந்த முரண் ஆகம விளக்கத்தைத்தான் முதலில் பலவீனப்படுத்துகிறது. தமிழ்நாட்டின் கவலை ஜீன்ஸ், அரைக்காற்சட்டை, சுற்றுலாப் பயணிகள் பற்றிய நவீன நாணத்தைச் சார்ந்தது. யாழ்ப்பாணத்தின் கவலை பணிவைச் சார்ந்தது. இரண்டையும் கலாசாரம் என்ற ஒரே சொல்லால் காப்பாற்றுவது வசதியாக இருக்கலாம், விளக்கமாகாது.

பெண்களின் உடை பற்றிய முடிவுகளில் யாருக்கு அதிகாரம் என்பது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 2016 நவம்பரில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாக அதிகாரி சுடிதாரை அனுமதித்தார். அடுத்த மாதமே கேரள உயர் நீதிமன்றம், இவ்விடயத்தில் தலைமைக் குருவான தந்திரியின் முடிவே இறுதியானது என்று அதைத் தள்ளியது. குருவாயூரிலோ 2007 முதல் சுடிதார் அனுமதிக்கப்படுகிறது. கொழும்பில் பஞ்சாபி (சுடிதார்) உடுத்த பெண்ணை யாரும் திருப்பி அனுப்புவது அரிது. எந்தச் சபையும் கூடி அறிக்கை விட்டு வந்த மாற்றமல்ல அது. பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் அதே உடையில் போகும் ஒரு தலைமுறை வந்து நின்றது, அவ்வளவுதான்.

மையம் உள்ள சமயங்கள்

இந்த மௌனமான மாற்றத்துக்கு எதிர் உதாரணங்கள் தொலைவில் இல்லை. கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தில் தலையில் முக்காடிட்ட பெண்கள் இன்று குறைவு. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு பெண்கள் தலையை மூடவேண்டும் என்றது. 1983 தொகுப்பு அந்த விதியைச் சேர்க்கவில்லை. மாற்றத்துக்குத் தேதி உண்டு, கையெழுத்தும் உண்டு.

மோர்மன்கள் என்று அறியப்படும் பிற்காலப் புனிதர் சபையின் வரலாறு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் நாவூ நகரில் 1842இல் தொடங்கிய அவர்களது ஆலயச் சடங்கில், உறுதிமொழி எடுத்தவர்கள் வாழ்நாள் முழுதும் உள்ளாடையாக அணியும் ஒரு புனித ஆடை இருக்கிறது. மணிக்கட்டும் கணுக்காலும் வரை நீண்ட ஒற்றை ஆடையாக இருந்தது 1923இல் குறுகியது; 1979இல் மேல், கீழ் என இரண்டானது; 2024இல் வெப்ப நாடுகளுக்கெனக் கையில்லாத வடிவம் அறிவிக்கப்பட்டது. ஆலயத்துக்குள் மட்டும் உடுக்கும் சடங்கு உடைகளும் 2020இல் எளிமையாக்கப்பட்டன. நெடுங்காலம் வெளியாருக்குக் காட்டாத இந்த உடைகளை 2014இல் சபையே காணொளியாக வெளியிட்டது. கேலிப்பொருளாகப் பார்க்கப்படுவதைவிடக் கன்னியர் உடையைப் போலப் புரிந்துகொள்ளப்படுவது நல்லது என்பது அதன் நிலைப்பாடு. உள்ளே இருந்து வந்த விமர்சனமோ வேறு: புனிதம் என்று மறைத்ததை நிர்வாகம் நினைத்தபோது மாற்றலாம் என்றால், மறைவு காத்தது கடவுளையா, நிர்வாகத்தையா?

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. மோர்மன் உடை வெளிக்கண்ணுக்குத் தெரியாமல் அணியப்படுவது. நம் கோயிலில் நடப்பது எல்லோர் முன்னும் கழற்றுவது. ஆனால் ஒரு நடைமுறையில் இரண்டும் வியப்பாக ஒத்துப்போகின்றன. புதிய மோர்மன் ஆலயம் அர்ப்பணிக்கப்படும் முன் சில நாட்கள் யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். அர்ப்பணித்த பின் தகுதிச் சீட்டு உள்ள உறுப்பினர் மட்டும். நம்மிடம் இதற்கு இணையானது எண்ணெய்க் காப்பு.

எண்ணெய்க் காப்பும் திரையும்

கும்பாபிஷேகத்துக்கு முன், குறித்த நாளில் குறித்த நேரத்தில், அடியார்கள் வரிசையில் நின்று கருவறைக்குள் போய் மூலமூர்த்திக்குத் தம் கையாலேயே எண்ணெய் சாத்துகிறார்கள். இலங்கைக் கோயில்களில் இது பெருங்கூட்டமாக நடக்கும். விளம்பரப் பத்திரிகையில் நேரம் அச்சிடப்பட்டிருக்கும். ஆணும் பெண்ணும், பிள்ளைகளும், சக்கர நாற்காலியில் வருகிறவர்களும். மறுநாள் கும்பநீர் சொரிந்தபின் அதே கல்லைக் குருக்களைத் தவிர யாரும் தொட முடியாது. தகுதியற்றவர் தொட்டால் மூர்த்தியின் புனிதம் கெடும் என்ற ஆகமக் கருத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 1972ஆம் ஆண்டுச் சேஷம்மாள் வழக்கில் விரிவாகவே எடுத்துப் பேசியது.

அர்ச்சகரின் சாதியையும் தீட்சையையும் பற்றி நூற்றாண்டாகச் சண்டை பிடிக்கும் எழுத்துகள் இந்தச் சடங்கை ஏறக்குறைய கடந்து போய்விடுகின்றன. கருவறையின் மறைவு கல்லுக்கு இயல்பானதோ மனிதருக்கு இயல்பானதோ அல்ல, ஒரு நேரத்தில் தொடங்கி இன்னொரு நேரத்தில் முடிவது என்பதை எண்ணெய்க் காப்பு காட்டுகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாலஸ்தாபனம் செய்து சக்தியை வேறிடத்தில் இருத்தும்போது மறைவும் விலகிக்கொள்கிறது. பிரவேசம் மறுத்தவர்களிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும்: தொடுகையே பிரச்சினையானால், அந்த ஒரு நாளில் எப்படிப் பிரச்சினை இல்லாமல் போகிறது?

திரையோ தினமும் விழுகிறது. அலங்காரத்தின்போதும் நைவேத்தியத்தின்போதும் இழுத்து மூடி, மணியோசையோடு திறந்து தீபம் காட்டுவது எந்தச் சிறு கோயிலிலும் உண்டு. இந்து வழிபாட்டின் மையம் கண்ணால் காண்பதும் கடவுளால் காணப்படுவதும் என்று டயானா எக் 1981இல் எழுதியது உலகெங்கும் பாடநூலானது. அது சரிதான், ஆனால் ஈழத்தின் பெருமுருகன் தலங்கள் இரண்டு அந்த விளக்கத்துக்குள் முழுதாக அடங்கவில்லை. கதிர்காமத்தில் திரை திறப்பதே இல்லை. வள்ளி தெய்வானையோடு முருகன் வரையப்பட்ட திரைச்சீலைக்குத்தான் கும்பிடு. யானைமேல் உலா வரும் பேழைக்குள் இருக்கும் யந்திரத்தை மக்கள் காண்பதில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாடு பற்றி எழுதி 1924இல் வெளிவந்த ஆங்கிலக் கட்டுரை இதை மரியாதையோடு பதிவு செய்திருக்கிறது. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி மௌனமாகப் பூசை செய்கிறார். மந்திரமே கேட்பதில்லை, பூசகர் பிராமணரும் அல்லர். சிதம்பரத்தில் திரைக்குப் பின்னே தொங்குவது பொன் வில்வ மாலை, மூர்த்தி இல்லை. மறைவே தரிசனமாகிற மரபும் சைவத்துக்குள் வலுவாக இருக்கிறது என்றால், மறைவை முழுவதும் பிராமணச் சூழ்ச்சி என்று ஒதுக்கும் சீர்திருத்த வாதமும், ஆகமத்தின் கட்டளை என்று மட்டும் காக்கும் மரபு வாதமும் ஒருங்கே தடுமாறுகின்றன.

கமெரா வந்த பின்

மறைவின் இலக்கு இப்போது மாறிவிட்டது. 2022 டிசம்பரில், திருச்செந்தூர்க் கோயில் பற்றிய வழக்கில், மதுரைக் கிளை தமிழ்நாட்டின் கோயில்களுக்குள் கைத்தொலைபேசியைத் தடைசெய்ய உத்தரவிட்டது. நல்லூரில் உள்ளே படம் எடுக்கத் தடை உண்டு. வெளிவீதித் திருவிழாவை உலகெங்கும் நேரலையில் பார்க்கிறார்கள். திருப்பதி திருமலையில் உற்சவ சேவைகள் தொலைக்காட்சியில் வரும், மூலவர் வரமாட்டார். வீதிக்கு வரும் உற்சவர் படத்துக்குரியவர், கருவறையில் இருப்பவர் படத்துக்கு அப்பால் என்ற ஒரு பொதுக்கோடு தானாகவே உருவாகியிருப்பதாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் சாதி பார்த்து மனிதரை நிறுத்திய வாசல், இன்று பெரும்பாலும் மனிதரை உள்ளே விட்டு அவர்கள் கையிலுள்ள கருவியை நிறுத்துகிறது.

இதை எதிர்ப்பவர்களின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து ஊர்க்கோயிலுக்கு உபயகாரராக இருப்பவருக்குத் தன் பூசையைக் காண வேறு வழியில்லை. கோயில்களின் வருமானத்தில் புலம்பெயர்ந்தவர்கள் பங்கு பெரிது என்பதால் சபைகளே நேரலைக்கு ஆள் வைக்கின்றன.

இரு தரப்பும் அதிகம் பேசாதது பக்தரின் மறைவு. ஈர வேட்டியோடு வீதியில் உருண்டு பிரதட்டை செய்கிறவரும், தேர் போன தடத்தில் ஈரச் சேலையோடு விழுந்து வணங்கி அடி அழிக்கும் பெண்களும், பக்கத்தில் நிற்கும் மற்ற அடியார்களின் கண்ணுக்குத்தான் தம்மை ஒப்புக்கொடுத்தார்கள். வெற்றுடம்பு விதியும் அந்த நம்பிக்கையில் நின்றது: பார்க்கிறவரும் அதே கோலத்தில் நிற்பார். பார்க்கிறவர் சட்டையோடு வேறெங்கோ திரைமுன் இருக்கும்போது அந்த நம்பிக்கை ஒருதலைப்பட்சமாகிறது. மூலவரைப் படம் எடுக்கக்கூடாது என்று பலகை வைக்கும் கோயில்களில், அடியாரைப் படம் எடுக்கக்கூடாது என்ற பலகையைக் காண்பது மிக அரிது.

தீராதவை

உடை விதியின் தோற்றத்தை ஒரே காரணத்துக்குள் அடக்க முடியாது என்பதில் ஓரளவு உறுதியாக இருக்கலாம். பணிவு ஒழுக்கம் யாழ்ப்பாணத்துக்கும், சாதி அடையாளம் கேரளத்துக்கும், நவீன நாணம் தமிழ்நாட்டின் 2015 உத்தரவுக்கும் கூடுதலாகப் பொருந்துகின்றன. கொழும்புக்கு இவற்றில் எதுவும் நேராகப் பொருந்தவில்லை. அங்கே யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், செட்டிமார் மரபினர், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என எல்லோரும் ஒரே மண்டபத்தில் நிற்கிறார்கள். யார் வழக்கு பொதுவழக்கு என்பது சபையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது. தலைநகரத்துக் கோயில்களின் வழக்கங்களைத் தொகுத்து ஆராய்வது இத்துறையில் முதலில் செய்யவேண்டிய வேலை.

அதிகாரம் பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. தமிழ்நாட்டில் அறநிலையத் துறையும் நீதிமன்றமும் உண்டு. கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கும் தேவஸ்வம் சபைகள் உண்டு. இலங்கையில் பல கோயில்கள் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன, இன்னும் சில பரம்பரை ஆதீனங்கள். தகராறு முற்றினால் மாவட்ட நீதிமன்றம். அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை, சாதி, பால் முதலியவற்றின் பெயரால் ஒருவர் தம் சமயத்தின் பொது வழிபாட்டிடத்துக்குள் போவதைத் தடுக்கக்கூடாது என்கிறது. வாசல் வரை அது தெளிவு. உள்ளே எந்தக் கோலத்தில் நிற்பது என்பதற்கும், அந்தக் கோலத்தின் படம் யாருடையது என்பதற்கும் அந்த உறுப்புரை எவ்வளவு தூரம் நீளும் என்பது விவாதத்துக்குரியது. சட்டையைக் கழற்ற மறுக்கும் ஒருவரைவிட, எண்ணெய் சாத்தும்போது தன்னைப் படம் எடுத்துப் பரப்பியதை எதிர்த்து வழக்குப் போடும் ஒரு பெண்ணே அதை முதலில் சோதிக்கக்கூடும்.